கரப்பந்தாட்டத்தில் ஸ்கோர் எழுத உட்காருபவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, பழைய மாணவர் சங்கத்தில் பெயர் கொடுத்தாலும் சரி, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று உங்களைத் தேடி வந்தே தீரும். 1991இலிருந்து இது நாட்டின் தேசிய விளையாட்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இன்னும் அதிகம். ஆடத் தெரியாதவர், ஆனால் கையெழுத்து நல்லாக இருப்பவர் என்று ஒருவரைப் பிடித்து மேசையில் இருத்துவார்கள். ஒரு பெரிய தாளைக் கையில் தந்து, "25 வந்தால் செட் முடியும், அவ்வளவுதான்" என்பார்கள். என்னையும் அப்படித்தான் இருத்தினார்கள். தாளில் இருந்த பெட்டிகள் எதற்கு என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு விதிப்புத்தகத்தைத் தேடி வாசித்து, தெரிந்த நடுவர்களைக் கேட்டு அரித்துத்தான் விளங்கியது.

பொயின்ட் எண்ணுவது சின்ன வேலை. அடுத்து யார் சேர்வ் போட வேண்டும் என்பதைக் கைநழுவ விடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசியுங்கள்.

1. என்ன ஆட்டம், எத்தனை செட் என்று முதலில் கேளுங்கள்

நான் இங்கே சொல்வது ஆறு பேர் ஆடும், சர்வதேச விதிப்படியான உள்ளக ஆட்டத்தைப் பற்றி. யாழ்ப்பாணப் பக்கம் இதைச் "செற்றப்" என்பார்கள். அங்கே "ஓவர் கேம்" என்றும் ஒன்று உண்டு. அதன் கணக்கு வேறு. ஊரில் ஓவர் கேம் பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். கடற்கரை ஆட்டமும் வேறு: இரண்டு பேர், செட்டுக்கு 21.

சர்வதேச விதி இதுதான்: ஐந்து செட்டில் மூன்றை முதலில் எடுப்பவர் வெற்றி. முதல் நான்கு செட்டும் 25 பொயின்ட், ஐந்தாவது 15. எந்த செட்டானாலும் இரண்டு பொயின்ட் முன்னிலை வேண்டும். 24–24 வந்தால் 26–24 வரை போகும், 25–25 வந்தால் 27–25 வரை. மேல் எல்லை இல்லை, 30ஐத் தாண்டினாலும் ஆட்டம் தொடரும்.

ஆனால் கொழும்பில் நடக்கும் கந்தோர்ப் போட்டிகளிலும் சங்கப் போட்டிகளிலும் நேரம் போதாமல் மூன்று செட்டில் இரண்டு என்று வைப்பார்கள். அப்போது மூன்றாவது செட் 15ஆ 25ஆ என்பது ஏற்பாட்டாளரின் முடிவு. சிலர் "25க்கு மேல் இல்லை, 24–24 என்றால் அடுத்த பொயின்ட் எடுப்பவர் வெற்றி" என்றும் வைப்பதுண்டு. இவற்றை விசில் ஊதுவதற்கு முன்பே கேட்டு, தாளின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். 24–24இல் நின்றுகொண்டு கேட்டால் இரண்டு அணியும் இரண்டு பதில் சொல்லும்.

2. ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பொயின்ட்

சேர்வ் போட்டதிலிருந்து பந்து செத்துப்போகும் வரை ஒரு ராலி. ராலியை வென்ற அணிக்கு ஒரு பொயின்ட், அடுத்த சேர்வும் அந்த அணிக்கே. யார் சேர்வ் போட்டார்கள் என்பது பொயின்ட்டுக்குப் பொருட்டில்லை.

இங்கேதான் முதல் பொறி. மைதானத்து ஓரத்தில் கதிரை போட்டு இருக்கும் மூத்தவர் ஒருவர், "சேர்வ் அவங்களுடையது இல்லையே, எப்படிப் பொயின்ட்? சேர்வ் மட்டும்தான் மாறும்" என்று கத்துவார். அவர் சொல்வது 1998க்கு முந்திய விதி. அப்போது சேர்வ் போட்ட அணிக்கு மட்டும் பொயின்ட், செட் 15. அவருடன் வாதாட வேண்டாம், சிரித்துவிட்டு எழுதுங்கள்.

நல்ல செய்தி ஒன்று: யாருக்குப் பொயின்ட் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை. உயரத்தில் நிற்கும் முதல் நடுவர் விசில் ஊதியதும் ஒரு பக்கம் கையை நீட்டுவார். அந்தப் பக்கத்து அணிதான் அடுத்து சேர்வ் போடும், பொயின்ட்டும் அதற்கே. அதன் பிறகுதான் என்ன தவறு என்று சைகை காட்டுவார். பந்தைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் விசில் சத்தம் கேட்டவுடன் அவரின் கையைப் பாருங்கள். புதிதாக உட்காருபவர்கள் ஆட்டத்தின் அழகில் மயங்கி இதைத் தவறவிடுவார்கள்.

3. மேசையில் இருந்து தடுமாறும் இடங்கள்

தீர்ப்பு நடுவருடையது என்றாலும், ஏன் அப்படிக் காட்டினார் என்று தெரியாவிட்டால் உங்களுக்கே உங்கள் தாளில் சந்தேகம் வரும். அதிகம் குழப்புபவை இவை.

கோட்டில் பட்ட பந்து உள்ளேதான். கோட்டின் அகலம் 5 சென்ரிமீற்றர், அது முழுவதும் மைதானத்தைச் சேர்ந்தது. பந்தின் ஓரம் மட்டும் உரசினாலும் உள்ளே.

அடித்த பந்து எதிரணியின் புளொக்கில் (வலையோரம் கையை உயர்த்தித் தடுப்பது) பட்டு வெளியே போனால், அடித்தவருக்கே பொயின்ட். கூட்டம் "அவுட், அவுட்" என்று கத்தும்; கோட்டு நடுவர் கொடியின் நுனியை மற்றக் கையால் தொட்டுக் காட்டுவார். பந்து யாரிலோ பட்டது என்று அதற்கு அர்த்தம்.

ஓர் அணிக்கு மூன்று தொடுகை. புளொக்கில் பட்டது கணக்கில் வராது, அதற்குப் பிறகும் மூன்று உண்டு. புளொக் பண்ணியவரே உடனே மறுபடி பந்தைத் தொடலாம். நாலு தரம் தொட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் அலறும்போது, முதலாவது புளொக்கா என்று யோசியுங்கள். காலில் பட்டாலும் தவறில்லை. உடம்பின் எந்தப் பகுதியாலும் ஆடலாம்.

சேர்வ் வலையின் மேல்விளிம்பில் உரசி எதிர்ப்பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடரும். டெனிஸ் போலத் திருப்பிப் போடுவது இல்லை.

வலையின் இரு ஓரத்திலும் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பிகள்தான் அன்டெனா. பந்து அதில் பட்டால் அவுட். உள்ளரங்கில் கூரையில் பட்டாலும் அவுட். வெளி மைதானத்தில் கூரைக்குப் பதில் மாமரக் கிளை நிற்கும். விதிப்படி கிளையும் வெளிப்பொருள்தான், ஆனால் அந்த மைதானத்துக்கு என்று ஒரு வழக்கம் இருக்கும். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அணியும் ஒரே நேரத்தில் தவறு செய்தால், அல்லது பக்கத்து மைதானத்துப் பந்து உள்ளே உருண்டு வந்தால், ராலியைத் திருப்பி ஆடச் சொல்வார்கள். நடுவர் இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கிக் காட்டுவார். பொயின்ட் இல்லை, சேர்வ் மாறாது, நீங்கள் எதையும் எழுதக் கூடாது.

4. சேர்வும் சுழற்சியும்: இதை விளங்கினால் முக்கால்வாசி முடிந்தது

மைதானத்தில் ஆறு இடங்கள். வலையைப் பார்த்து நின்றால் பின்வரிசை வலது மூலை 1, அதற்கு நேர் முன்னால் 2, முன்வரிசை நடு 3, முன்வரிசை இடது 4, பின்வரிசை இடது 5, பின்வரிசை நடு 6. சேர்வ் போடுவது எப்போதும் 1ஆம் இடத்தில் இருப்பவர்.

எதிரணி சேர்வ் போட்ட ராலியை உங்கள் அணி வென்றால், பொயின்ட்டோடு சேர்வும் கைக்கு வருகிறது. அப்போது எல்லோரும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். 2இல் நின்றவர் 1க்கு வந்து சேர்வ் போடுவார். தாங்களே சேர்வ் போட்டுத் தாங்களே வென்றால் நகர்வு இல்லை, அதே ஆள்தான் தொடர்ந்து போடுவார்.

கற்பனையாக ஓர் ஆட்டம் வைப்போம். வெள்ளவத்தை முதலில் சேர்வ், கொட்டாஞ்சேனை வாங்குகிறது. 1ஆம் இடத்திலிருந்து வரிசையாக வெள்ளவத்தையின் சட்டை இலக்கங்கள் 7, 3, 10, 5, 12, 9. கொட்டாஞ்சேனையில் 4, 8, 11, 2, 6, 1.

வெள்ளவத்தை 7 சேர்வ் போடுகிறார், அவர்களே வெல்கிறார்கள்: 1–0. மறுபடி 7, மறுபடி வெற்றி: 2–0. மூன்றாவது சேர்வை 7 வலையில் அடிக்கிறார். கொட்டாஞ்சேனைக்கு ஒரு பொயின்ட், 2–1. சேர்வும் அவர்களுக்கு.

இப்போது கொட்டாஞ்சேனையில் யார் சேர்வ் போட வேண்டும்? 1ஆம் இடத்தில் எழுதியிருப்பது 4 என்பதால் 4தான் என்று நினைப்பீர்கள். இல்லை. சேர்வ் கிடைத்தவுடன் அவர்கள் ஓர் இடம் நகர்ந்துவிட்டார்கள். 2இல் நின்ற 8 இப்போது 1இல் நிற்கிறார். 8தான் போட வேண்டும். முதலில் சேர்வை வாங்கும் அணியில் 1ஆம் இடத்தில் தொடங்கியவர் அந்தச் சுற்றில் கடைசியாகத்தான் சேர்வ் போடுவார். மேசையில் புதிதாக இருப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள். முழுச் செட்டும் ஓர் ஆள் தள்ளிப் போய்விடும்.

தொடருவோம். 8 சேர்வ் போட்டு வெல்கிறார்: 2–2. அடுத்ததில் 8 தோற்கிறார்: வெள்ளவத்தைக்கு 3–2. வெள்ளவத்தை நகர்கிறது, அடுத்து சேர்வ் 3ஆம் இலக்கச் சட்டைக்காரர். இந்த ஆறேழு வரியைப் பேனை பிடித்து ஒரு தாளில் நீங்களே இரண்டு தரம் எழுதிப் பாருங்கள். வாசிப்பதைவிட அதுதான் பிடிபடும்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அணிப்பெயர்ப் பட்டியல்: பெயர், சட்டை இலக்கம், அணித்தலைவர் யார், லிபரோ யார், பயிற்றுநர் யார். எத்தனை பேர் வரை பதியலாம் என்பது போட்டி அறிவித்தலில் இருக்கும். கந்தோர்களுக்கு இடையிலான போட்டி என்றால் தேசிய அடையாள அட்டையோடு ஊழியர் அட்டையும் கேட்பார்கள். சரிபார்ப்பது ஏற்பாட்டாளர் வேலை, அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். சட்டை இலக்கத்தைப் பட்டியலில் பார்க்காமல் ஆளின் முதுகில் பார்த்து ஒப்பிடுங்கள். இரவல் சட்டையோடு ஒருவர் எப்போதும் வருவார்.

வரிசைத் துண்டு: ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் பயிற்றுநர் ஆறு இலக்கங்களை இடவாரியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் சிறிய தாள். ஓர் அணிக்கு செட்டுக்கு ஒன்று, ஆகவே ஐந்து செட் ஆட்டத்துக்குப் பத்து வேண்டும். இந்தத் துண்டு இல்லாமல் செட்டைத் தொடங்க விடாதீர்கள். "வாயால சொல்றன், எழுதுங்கோ தம்பி" என்பார்கள். பிறகு சண்டை வந்தால் சொன்னவர் சொல்லவில்லை என்பார், துண்டு மட்டும்தான் சாட்சி. எதிரணிக்கு இதைக் காட்டவும் கூடாது.

ஸ்கோர் ஷீட்: ஓர் ஆட்டத்துக்கு ஒன்று, ஐந்து செட்டும் அதிலேயே அடங்கும்.

லிபரோ தாள்: வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் மாறி மாறி உள்ளே வருபவர்தான் லிபரோ. அவர் வந்து போவது ஆள் மாற்றக் கணக்கில் சேராது, எல்லையும் இல்லை. அதைக் கவனிக்க உதவி ஸ்கோரர் ஒருவரும் தனித் தாளும் உண்டு. சின்னப் போட்டிகளில் அந்த உதவியாளரைப் போட மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒருவர் பார்ப்பது கஷ்டம்.

6. செலவு

பெரிதாக ஒன்றும் இல்லை. விதிப்புத்தகம் சர்வதேச கரப்பந்தாட்டச் சம்மேளனத்தின் இணையத்தளத்தில் இலவசம். ஸ்கோர் ஷீட்டின் மாதிரியை ஒரு தரம் எடுத்துவிட்டால் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதியோரக் கடைகளில் போட்டோ கொப்பி எடுக்கலாம். ஏ3 அளவிலேயே எடுங்கள். காசை மிச்சம் பிடிக்க ஏ4க்குச் சுருக்கினால் பெட்டிகள் எறும்பு அளவாகிவிடும், இரண்டாவது செட்டில் கண் கட்டும். ஆட்ட எண்ணிக்கைக்கு மேலாக மூன்று நாலு பிரதி வையுங்கள், மழைத்துளி பட்டாலும் தேத்தண்ணி கொட்டினாலும் உதவும்.

புறக்கோட்டையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனை, ஒரு பிடிப்பலகை, ஓர் அடிமட்டம். பார்வையாளருக்குப் புரட்டிக் காட்டும் இலக்கப் பலகையை விளையாட்டுப் பொருள் கடைகளில் விற்கிறார்கள். ஒரு நாள் போட்டிக்கு அதை வாங்குவது வீண், பாடசாலை ஒன்றில் இரவல் கேளுங்கள். பலகையைப் புரட்டச் சின்னப் பிள்ளை ஒன்று எப்படியும் கிடைக்கும். பலகையும் தாளும் முரண்பட்டால் தாள் சொல்வதுதான் செல்லும் என்பதை மட்டும் இரண்டு அணித்தலைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. தாளை நிரப்புவது

டொஸ் முடிந்ததும் யார் முதல் சேர்வ், யார் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். டொஸ் வென்றவர் சேர்வை எடுக்கலாம், வாங்குவதை எடுக்கலாம், அல்லது பக்கத்தை எடுக்கலாம், மிச்சம் மற்றவருக்கு. இரண்டாவது செட்டில் முதல் சேர்வ் மற்ற அணிக்கு, இப்படி மாறி மாறிப் போகும். தீர்மான செட்டுக்கு, அதாவது வெற்றியை முடிவு செய்யும் கடைசி செட்டுக்கு, மட்டும் புது டொஸ்.

வரிசைத் துண்டில் உள்ள ஆறு இலக்கங்களையும் ரோம எண் போட்ட ஆறு நிரலில் இறக்குங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் கீழே சின்னப் பெட்டிகள் இருக்கும். அவை அந்த ஆள் சேர்வ் போட்ட சுற்றுகள். எழுதும் முறை ஒன்றே ஒன்றுதான்: ஓர் அணி சேர்வை இழக்கும்போது, அந்த நேரத்தில் அந்த அணியின் மொத்தப் பொயின்ட்டை, சேர்வை இழந்தவரின் பெட்டியில் எழுதுங்கள்.

மேலே வைத்த ஆட்டத்தில் வெள்ளவத்தை 7 சேர்வை இழக்கும்போது அணிக்கு 2. ஆகவே அவரின் முதல் பெட்டியில் 2. கொட்டாஞ்சேனை 8 இழக்கும்போது அவர்களுக்கும் 2. அது இரண்டாவது நிரலின் முதல் பெட்டியில். முதல் நிரலில் உள்ள 4ஆம் இலக்கக்காரரின் முதல் பெட்டியில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். அவர் அந்தத் தரம் சேர்வ் போடவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன பொறிக்கு மருந்து இந்தக் குறிதான்.

பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கங்கள் அச்சிட்ட நிரல் இருக்கும். பொயின்ட் வர வர ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சேர்வ் மாற்றத்திலும் பெட்டியில் எழுதியதும் வெட்டிய இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் ஒத்தால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் உடனே இரண்டாவது நடுவரைக் கூப்பிடுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் செட் முடிவில் அது அடிதடியாகும்.

டைம் அவுட் அணிக்கு செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 செக்கன். கேட்ட நேரத்து ஸ்கோரை எழுதும்போது கேட்ட அணியின் பொயின்ட் முதலில். ஆள் மாற்றம் செட்டுக்கு ஆறு. தொடக்கத்தில் நின்றவர் வெளியே போனால் ஒரு தரம்தான் திரும்பி வரலாம், அதுவும் தனக்குப் பதிலாக வந்தவரின் இடத்துக்கே. மூன்றாவது டைம் அவுட்டையோ ஏழாவது மாற்றத்தையோ யாராவது கேட்டால் நடுவருக்குச் சொல்வது நீங்கள்தான், ஏனென்றால் கணக்கு உங்களிடம் மட்டும் இருக்கிறது.

தீர்மான செட்டில் ஓர் அணி 8ஐத் தொட்டவுடன் பக்கம் மாறும். தாளில் அந்த செட்டுக்கு மூன்று பகுதி இருப்பது இதற்காகத்தான்: இடப்பக்கம் தொடங்கிய அணியின் கணக்கை மூன்றாவது பகுதிக்கு மாற்றித் தொடர வேண்டும். பரபரப்பில் நடுவரே 8ஐ மறப்பதுண்டு. 7 வந்ததும் உசாராகுங்கள்.

கொழும்பு மைதானங்களில் ஸ்கோரைச் சிங்களத்திலும் கூவுவார்கள். பஹலொவ என்றால் 15, விஸ்ஸ 20, விசிஹதர 24, விசிபஹ 25. புதிதாகத் தலைநகருக்கு வந்தவர்கள் இந்த நாலையாவது பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

8. தவறான ஆள் சேர்வ் போட வந்தால்

உங்கள் தாளின்படி 10 போட வேண்டும், ஆனால் 5 பந்தோடு நிற்கிறார். கத்த வேண்டும் போல இருக்கும். கத்தாதீர்கள். அவர் பந்தை அடிக்கும் வரை தவறு நடக்கவில்லை. அடித்த கணமே மணியை அழுத்தியோ கையைத் தூக்கியோ நடுவருக்குத் தெரிவியுங்கள். எதிரணிக்கு ஒரு பொயின்ட், சேர்வும் அவர்களுக்கு. முன்கூட்டிச் சொன்னால் ஓர் அணிக்கு உதவி செய்ததாகிவிடும். யார் சேர்வ் என்று அணித்தலைவர் நடுவர் வழியாகக் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

பிந்திக் கண்டுபிடித்தால் கணக்கு கடுமை. ஓர் அணி 12இல் இருக்கும்போது தவறான ஆள் சேர்வ் போடத் தொடங்கி, தொடர்ந்து வென்று 15க்குப் போய்விட்டது, எதிரணி 14 என்று வையுங்கள். தவறு 12இல் தொடங்கியது என்று தாளிலிருந்து காட்ட முடிந்தால் அந்த மூன்று பொயின்ட்டும் அழிந்து 12 ஆகும், எதிரணி ஒன்று கூடி 15 ஆகும். எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாவிட்டால் எதிரணிக்கு ஒரு பொயின்ட்டும் சேர்வும் மட்டும், வேறு ஒன்றும் அழியாது. மூன்று பொயின்ட் நிற்பதும் போவதும் நீங்கள் பெட்டி நிரப்பிய லட்சணத்தில் இருக்கிறது.

9. அட்டைகள்

உதைபந்தாட்டம் பார்த்தவர்கள் சிவப்பு அட்டை என்றால் ஆள் வெளியே என்று எழுந்துவிடுவார்கள். இங்கே அப்படியில்லை. மஞ்சள் எச்சரிக்கை, பொயின்ட் இல்லை. சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு பொயின்ட்டும் சேர்வும். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த ஆள் அந்த செட் முழுவதும் வெளியே. இரண்டு கையிலும் தனித்தனியாகக் காட்டினால் முழு ஆட்டத்துக்கும் வெளியே. நேரத்தை இழுத்தடிக்கும் அணிக்கு அதே அட்டைகளை மணிக்கட்டில் வைத்துக் காட்டுவார்கள்: முதல் தரம் மஞ்சள், அடுத்த தரம் சிவப்பு, பொயின்ட் போகும்.

தண்டனையாக வந்த பொயின்ட்டை வெட்டாமல் வட்டமிடுங்கள். சேர்வ் போடும் அணி ஏற்கனவே சேர்வில் இருக்கும்போது எதிரணிக்குச் சிவப்பு காட்டினால் பொயின்ட் மட்டும் கூடும், சுழற்சி இல்லை, அதே ஆள்தான் தொடர்ந்து போடுவார்.

10. நேரம்

25 பொயின்ட் செட் ஒன்று பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். செட்டுக்கு இடையில் 3 நிமிடம். மூன்று செட் ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள், ஐந்து செட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். எட்டு அணி, தோற்றால் வெளியே என்ற போட்டியில் ஏழு ஆட்டம். ஒரே மைதானம் என்றால் காலை எட்டுக்குத் தொடங்கினாலும் இறுதி ஆட்டம் மாலையாகும். கொழும்பில் ஆறரைக்குப் பிறகு பந்து தெரியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழையும் சேரும். மின்வெளிச்சம் இல்லாத மைதானம் என்றால் ஏற்பாட்டாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

நீங்கள் அரை மணித்தியாலம் முன்னால் போங்கள். பெயர்ப் பட்டியலை இறக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். பழகிக்கொள்ள விரும்பினால் சுகததாச உள்ளரங்கிலோ மஹரகம இளைஞர் நிலையத்திலோ பெரிய போட்டி நடக்கும்போது போய், ஸ்கோர் மேசை தெரியும் இடத்தில் இருந்து நீங்களும் ஒரு தாள் எழுதிப் பாருங்கள். மஹரகமவுக்குப் புறக்கோட்டையிலிருந்து 138 பஸ்.

11. குழுநிலைப் புள்ளி

சர்வதேசப் போட்டிகளில் 3–0, 3–1 என்று வென்றால் 3 புள்ளி, தோற்றவருக்கு 0. 3–2 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. நிரல்படுத்தும்போது முதலில் வெற்றி எண்ணிக்கை, அப்புறம் இந்தப் புள்ளி, அதுவும் சமன் என்றால் செட் விகிதம், பிறகு பொயின்ட் விகிதம். உள்ளூரில் வெற்றிக்கு 2 என்று சுருக்கமாக வைப்பதும் உண்டு.

விகிதம் என்றால் வகுத்தல். பலர் கிரிக்கெட் நினைப்பிலோ என்னவோ கழித்துப் பார்க்கிறார்கள். மூன்று செட்டில் இரண்டு என்ற போட்டியில், மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்ற இரு அணிகள்: ஒன்று 5 செட் எடுத்து 2 இழந்தது, மற்றது 4 எடுத்து 2 இழந்தது. 2.5 முன்னே, 2.0 பின்னே. ஒரு செட்டும் இழக்காத அணியைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. அது தானாகவே மேலே.

மொத்தப் பொயின்ட்டைக் கூட்டி வெற்றி சொல்லவும் முடியாது. 25–10, 23–25, 13–15 என்று ஓர் ஆட்டம் முடிந்தால் 61 பொயின்ட் எடுத்த அணி தோற்றது, 50 எடுத்தது வென்றது. தோற்ற பக்கம் மேசைக்கு வந்து கூட்டிக் காட்டும். செட் கணக்கைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

வராத அணிக்கு 0–3, ஒவ்வொரு செட்டும் 0–25. இடையில் ஆள் போதாமல் நின்றுவிட்டால் அதுவரை எடுத்த பொயின்ட்டும் செட்டும் அந்த அணிக்கு நிற்கும், எதிரணிக்கு வெற்றிக்குத் தேவையானதை மட்டும் கூட்டுவார்கள்.

12. விசில் ஊதிய பிறகு

ஒவ்வொரு செட்டும் தொடங்கிய, முடிந்த நேரத்தை எழுதினீர்களா என்று பாருங்கள். முடிவுப் பட்டியலில் டைம் அவுட், ஆள் மாற்றம், வெற்றி, பொயின்ட் எல்லாவற்றையும் கூட்டி நிரப்புங்கள். கையெழுத்து வரிசை: இரண்டு அணித்தலைவர், பிறகு நீங்கள், அப்புறம் இரண்டாவது நடுவர், கடைசியில் முதல் நடுவர். முறைப்பாடு எழுத வேண்டும் என்று ஓர் அணித்தலைவர் கேட்டால், சம்பவம் நடந்த நேரத்திலேயே நடுவரிடம் சொல்லியிருந்தாரா என்று முதல் நடுவரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் குறிப்புப் பகுதியை விடுங்கள்.

தோற்ற அணித்தலைவர் கோபத்தில் கையெழுத்துப் போடாமல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஆகவே கடைசிப் பொயின்ட் விழுந்ததும் கூட்டல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரைப் பிடியுங்கள். முதல் நடுவர் கையெழுத்து விழுந்ததும் தாளைக் கைபேசியில் தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலப் பிரதியை வரிசைத் துண்டுகளோடு சேர்த்துக் குத்தி ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவிடுங்கள்.